கட்டைக் குரலுக்கு ஒரு வாய்

என் கணவர் ராணுவ உபரிச் சாமான் ஏலத்தில் ஒரு வாத்தியம் எடுத்து வந்தார். அதற்கு வாய் இல்லை. வீட்டுக்கு வந்து பெட்டியை என் எதிரில் திறந்தபோதுதான் அவரே அதைக் கவனித்தார். ஏலத்தில் திறந்து பார்க்கவில்லையா என்று கேட்டேன். பார்த்தாராம். வாத்தியத்தின் நீளத்தைப் பார்த்து மயங்கி நின்றதில் மேல்முனை மொட்டையாக இருந்தது கண்ணில் படவில்லையாம். பெண் பார்க்க வந்த அன்றும் இப்படித்தான் எதையோ பார்த்து மயங்கியிருக்க வேண்டும். எனக்கு எவ்வளவு பெரிய வாய் என்பது கல்யாணத்துக்கு அப்புறம்தான் அவருக்குத் தெரிந்தது.

யுத்தம் முடிந்த மறு வருஷம் அது. மாதுங்காவில் மூன்றாவது மாடியில் இரண்டு அறையில் நாங்கள் இருவர். அவருக்கு ரயில்வே ஆபீஸில் உத்தியோகம். வழியில் தொலைந்துபோன மூட்டைகளுக்கும் கூடைகளுக்கும் சொந்தக்காரர்கள் எழுதும் கடிதங்களுக்குப் பதில் எழுத வேண்டும். 'விசாரித்து வருகிறோம்' என்று ஒன்பது வருஷமாக ஒரே பதிலை எழுதிக்கொண்டிருந்தார். ஒரு கூடையாவது அகப்பட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. சாயங்காலம் மட்டும் ரயில்வே கிளப் பேண்டில் கிளாரினெட் வாசிப்பார். நோட்டைப் பார்த்து வாசிக்க அங்கேதான் கற்றுக்கொண்டார்.

ஏலத்தில் எடுத்தது பேஸ் கிளாரினெட். அவர் வாசிக்கும் சின்னக் கிளாரினெட்டுக்கு அது பெரியப்பா முறை. தரையில் நிறுத்தினால் என் இடுப்புக்கு மேலே வரும். மேலே வளைந்த வெள்ளிக் கழுத்து, கீழே வானத்தைப் பார்த்துத் திரும்பிய புனல். எதிர் வீட்டு மாமி எட்டிப் பார்த்துவிட்டு, "உங்காத்துக்காரர் ஹூக்கா பிடிக்க ஆரம்பிச்சுட்டாரா?" என்று கேட்டாள்.

தாதரில் ஒரு படக் கம்பெனி இருந்தது. அதன் வாத்தியக் கோஷ்டியை நடத்திய கோவாக்காரர் ரயில்வே கிளப்புக்கு வந்து போகிறவர். வில்லன் கதவைத் திறந்துகொண்டு வரும் இடத்துக்கெல்லாம் கட்டைக் குரலில் ஒரு வாத்தியம் வேண்டும் என்று தேடிக்கொண்டிருந்தார். பேஸ் கிளாரினெட்டோடு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வந்து ஊதிக் காட்டு, சத்தம் பிடித்தால் கோஷ்டியில் ஒரு நாற்காலி உனக்கு என்று இவரிடம் சொல்லியிருந்தார். பிடிக்காவிட்டால் கல்கத்தாவிலிருந்து ஒருவரை வரவழைத்துவிடுவார்களாம்.

அந்த நாற்காலிக்கு அவர் எவ்வளவு ஆசைப்பட்டார் என்று சொல்லி முடியாது. சாப்பிடும்போதுகூட இடது கை விரல்கள் தொடைமேல் இல்லாத வாத்தியத்தின் சாவிகளை அமுக்கிக்கொண்டிருக்கும். நான் அவரைவிட அதிகமாக ஆசைப்பட்டேன். நாற்காலி கிடைக்காத மனுஷரோடு மிச்ச ஆயுளும் குடித்தனம் பண்ண வேண்டியவள் நான்தானே.

வாத்தியத்தை ஊதும் நிலைமைக்குக் கொண்டுவர தாராவியிலிருந்து ஒரு பேண்டு மாஸ்டரை அழைத்து வந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். பகலில் தோல் பதனிடும் ஷெட்டில் வேலை, முகூர்த்த நாட்களில் கல்யாண ஊர்வலங்களுக்கு முன்னால் கிளாரினெட். ஓட்டைகளை மூடும் சாவிகளுக்கு அடியில் மெத்தை வைப்பதற்கு அவரைவிட்டால் ஆள் இல்லை. ஆட்டுக்குட்டித் தோலை ஷெட்டிலிருந்து தானே பொறுக்கி எடுத்து வட்டமாக வெட்டிக்கொண்டு வருவார். எங்கள் கூடத்தில் ஒரு முழுநாள் உட்கார்ந்து இருபது மெத்தைகளுக்கு மேல் ஒட்டினார். கடைசியில் நெற்றியைத் துடைத்துக்கொண்டு சொன்னார்.

"சாமி, ஒடம்பு சரியாயிட்டு. இனி இதுக்கு நல்ல மவுத்பீஸ் வேணும். அது மட்டும் கோணலா அமைஞ்சா நான் செஞ்சதெல்லாம் வீணு. பொண்ணு பாக்கதைவிடக் கவனமாப் பாக்கணும்."

"நீங்களும் கூட வரணும் மாஸ்டர்" என்றார் இவர். என் பக்கம் திரும்பி, "நீயும் வா. ஊதறவனுக்கு மண்டைக்குள்ளதான் சத்தம் கேக்கும். எதிர்ல ஒரு காது வேணும்" என்றார்.

இது நான் சம்பாதித்த மரியாதை. கல்யாணத்துக்கு முன்னால் பாலக்காட்டில் ஏழு வருஷம் பாட்டுச் சொல்லிக்கொண்டவள் நான். அவர் வாசிக்கும்போது அடுக்களையிலிருந்தே 'தைவதம் எறங்கிடுத்து' என்று குரல் கொடுப்பேன். வேறொருவராக இருந்தால் வாத்தியத்தை விட்டிருப்பார், அல்லது என்னை.

கடைக்குப் போவதற்கு முன்னால் எங்கள் வீட்டு வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். பம்பாய்க்கு வந்து ஆசாரத்தைக் கொஞ்சம் தளர்த்திக்கொண்ட வீடுகள் மாதுங்காவில் நிறைய உண்டு. எங்கள் வீடு அதில் சேர்த்தி இல்லை. காரணம் நான். எந்தப் பாத்திரமும் உதட்டில் படக் கூடாது. தண்ணீரானாலும் காப்பியானாலும் அண்ணாந்துதான். அவர் சாப்பிட்டு எழுந்த தட்டில் நான் உட்கார்ந்து சாப்பிடுவேன், அது முறை. நான் வாய் வைத்ததை அவர் வாயில் வைப்பது என்பதற்கு முறையே கிடையாது. அவருடைய கிளாரினெட்டின் மவுத்பீஸுக்குத் தனி டப்பா, தனித் துணி. அதை அவரைத் தவிர யாரும் தொட்டதில்லை, நான் உட்பட.

வியாழக்கிழமை அரைநாள் லீவு போட்டார். மூன்று பேரும் வாத்தியப் பெட்டியோடு கிங்ஸ் சர்க்கிளில் டிராம் ஏறி, கிராஃபோர்டு மார்க்கெட்டில் இறங்கி, தோபி தலாவ் வரை நடந்தோம். அங்கே ஒரு பார்சிக் கிழவர் பழைய வாத்தியங்கள் விற்றுக்கொண்டிருந்தார். கூரையிலிருந்து கிதார்கள் வாழைத்தார் மாதிரி தொங்கின. பேஸ் கிளாரினெட்டுக்கு மவுத்பீஸ் என்றதும் கிழவர் உள்ளே போய் ஒரு மரத்தட்டைக் கொண்டு வந்தார். தட்டில் ஐந்து.

ஐந்தும் கட்டை விரலைவிடப் பருமனாகக் கறுப்பாக இருந்தன, ஒன்று மட்டும் உலோகம். ஒரு பக்கம் சரிவாகச் சீவி, நுனி நகத்தைப்போல மெலிந்திருக்கும். அடிப்பக்கத்தில் தட்டையான இடம். அங்கேதான் மெல்லிய நாணல் பட்டையான சீவாளியை வைத்துப் பித்தளை வளையத்தால் இறுக்க வேண்டும். நாதஸ்வரக்காரர்கள் சொல்லும் சீவாளி என்ற பெயரையே மாஸ்டர் இதற்கும் சொன்னார்.

"ஊதிப் பாருங்க சாமி" என்று முதல் மவுத்பீஸைப் பூட்டி நீட்டினார்.

என் கணவர் அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். இதுவரை யார் யார் வாயில் இருந்ததோ. யுத்தத்துக்கு வந்த எந்தெந்த தேசத்துச் சிப்பாயோ. அவர் தயங்குவதைப் பார்த்த பார்சிக் கிழவர், நல்ல எண்ணத்தோடு அதைப் பிடுங்கித் தன் எச்சிலைத் தொட்டுச் சட்டை நுனியால் பளபளவென்று துடைத்துத் திருப்பிக் கொடுத்தார்.

அப்புறம் என் கணவர் செய்ததை இன்றைக்கு நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு தாங்காது. அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை, அதுதான் ஆச்சரியம். வாத்தியத்தைச் சாய்த்துப் பிடித்து, மவுத்பீஸை உதட்டிலிருந்து இரண்டு விரற்கடை தள்ளி நிறுத்தி, முகத்தை அண்ணாந்து, அதற்குள் காற்றை ஊற்றப் பார்த்தார். டம்ளரை எப்படித் தூக்கிப் பிடிப்பாரோ அப்படி. புஸ் புஸ் என்று காற்று வந்தது. நாதம் வரவில்லை.

"க்யா கர்தா ஹை, பாவா? பானி பீதா ஹை?" என்றார் கிழவர். தண்ணீர் குடிக்கிறாயா என்று அவர் கேட்டது ரொம்பச் சரியான கேள்வி.

மாஸ்டர் சிரிக்கவில்லை. வாத்தியத்தை மெதுவாக வாங்கிக்கொண்டார். "நான் ஊதுதேன் சாமி. அம்மா கேக்கட்டும். நீங்க பாத்துக்கிட்டு இருங்க."

முதலாவது கீச்சென்று கத்தியது. நுனியில் ஒரு பொட்டு உடைந்திருந்ததை நகத்தால் தடவிக் காட்டினார். உலோகத்தில் செய்தது விசில் மாதிரி வந்தது. மூன்றாவதை அவர் ஊதவே இல்லை. சீவாளியை வைத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். தட்டையாக ஒட்டியிருக்க வேண்டிய இடத்தில் மெல்லிய கோடாக வெளிச்சம் வந்தது. நான்காவது புத்தம் புதிது, காகிதம்கூடப் பிரிக்கவில்லை. கண்ணாடி மாதிரி பளபளத்தது. ஊதினால் ஜலதோஷம் பிடித்தவர் பேசுகிற குரல்.

ஐந்தாவது பழசு. பளபளப்பெல்லாம் போய்ச் சாயம் வெளுத்திருந்தது. மேல்புறத்தில் இரண்டு பல் தடம், யாரோ வருஷக்கணக்காகக் கடித்து வாசித்திருக்கிறார்கள். மாஸ்டர் சீவாளியைப் பூட்டி, கீழ்முனை ஓட்டையை உள்ளங்கையால் அடைத்து, நுனியை வாயில் வைத்துக் காற்றை உறிஞ்சினார். பிறகு வாயிலிருந்து எடுத்தார். சீவாளி அப்படியே ஒட்டிக்கொண்டு நின்றது. பத்து எண்ணும் நேரம் கழித்து, சோடா உடைத்ததுபோல 'டப்' என்று விட்டது.

"இதாம்மா பரீட்சை. சீவாளியும் மவுத்பீஸும் ஒட்டி உக்காந்தாத்தான் காத்து ஒழுகாது. நல்லதா இருந்தா பத்து எண்ணுத வரைக்கும் நிக்கும். மட்டமானது உடனே விட்டுரும்."

பிறகு வாத்தியத்தில் பூட்டி ஊதினார். ஒரே ஒரு ஸ்வரம், அடியில் இருக்கிற ஷட்ஜம். அதை எப்படிச் சொல்வது? கூரையில் தொங்கிய கிதார்களின் தந்திகள் தாமாக முனக ஆரம்பித்தன. என் வயிற்றில் அதிர்ந்தது. கிழவர் கையிலிருந்த பீடியைக் கீழே வைத்தார். நான் ஏழு வருஷம் பாட்டுச் சொல்லிக்கொண்டதற்கு அந்த ஒரு ஸ்வரத்தைக் கேட்டது போதும் என்று தோன்றியது.

"இதான்" என்றேன்.

"அந்தப் புதுசு" என்றார் என் கணவர்.

"அது மூக்கால பேசறது."

"பழகினா சரியாயிடும். யார் வாயும் படாதது. இதுல பல்லுத் தடமே இருக்கே, பாரேன்."

"சாமி, புதுச் செருப்பு பளபளன்னுதான் இருக்கும். நடந்தால்லா தெரியும்" என்றார் மாஸ்டர்.

கடைவாசலில் நின்று கால் மணி நேரம் சண்டை போட்டோம். கடைசியில் நான் ஒரு வாக்குக் கொடுத்து ஜெயித்தேன். "எச்சிலைப் பத்தி நீங்க கவலைப்படாதேங்கோ. அதை நான் பாத்துக்கறேன்" என்றேன். அந்த நிமிஷம் என் நாக்கில் சனி உட்கார்ந்திருந்தான்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. விளக்கும் வெள்ளிப் பாத்திரமும் தேய்க்கிற நாள். அவர் ஆபீஸ் கிளம்பும்போது, "சுத்தம் பண்ணி வெச்சுடு. சாயங்காலம் வந்து ஊதணும்" என்றார். நான் மவுத்பீஸைப் புளி போட்டுத் தேய்த்தேன். பல் தடத்துக்குள் தென்னங்குச்சி விட்டுச் சுரண்டினேன். அதோடு நிறுத்தியிருந்தால் இதை எழுத வேண்டிய அவசியமே வந்திருக்காது. ஆனால் புளி வெளியே இருக்கிற அழுக்குக்கு. உள்ளே போன எச்சிலுக்கு? எங்கள் வீட்டில் எதற்கும் கடைசித் தீர்ப்பு வெந்நீர். அந்தக் கறுப்புச் சாமான் கருங்காலி மரம் என்று நினைத்தேன். மரக்கரண்டியைக் கொதிக்க வைப்பதில்லையா? கரி அடுப்பில் தவலையை வைத்து, தண்ணீர் தளதளவென்று கொதித்ததும் சாமியை நினைத்துக்கொண்டு உள்ளே போட்டேன். மூடியும் வைத்தேன்.

அது மரம் இல்லை, இறுகிய ரப்பர். இதை எனக்கு முதலில் சொன்னது என் மூக்கு. தீபாவளி மத்தாப்பையும் மோட்டார் டயரையும் சேர்த்துக் கொளுத்தியதைப்போல ஒரு நாற்றம் கிளம்பி மாடிப்படி வழியாக இறங்கிப் போனது. எதிர் வீட்டு மாமி கதவைத் தட்டி, "யாராத்துலயோ சைக்கிள் டியூபை வேக வெக்கறாளா?" என்று கேட்டாள். எங்காத்தில் இல்லை என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன். ஓடிப்போய் மூடியைத் திறந்து இடுக்கியால் பிடித்து எடுத்தேன். அது அடுத்த தப்பு. அரைவேக்காட்டு வாழைக்காய் மாதிரி இடுக்கிக்குள் நெளிந்தது. கீழே வைப்பதற்குள் ஒரு பக்கமாக வளைந்து நின்றுவிட்டது. கறுப்பாக இருந்தது பாசி பிடித்த பச்சையாக ஆகியிருந்தது. பல் தடம் மட்டும் அப்படியே இருந்தது.

சாயங்காலம் அவர் வந்தார். சட்டையைக்கூடக் கழற்றாமல், "எங்கே?" என்று கை நீட்டினார். கையில் வைத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். நுனியில் கண்ணை வைத்துப் பார்த்தார். மோந்து பார்த்தார். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தினால் பதிலுக்குக் கத்த எனக்கு நன்றாக வரும். அவர், "பரவாயில்லை. வேணும்னா பண்ணினே?" என்றார். வாய் இல்லாத வாத்தியத்தைப் பெட்டியிலிருந்து எடுத்துத் துணியால் துடைக்க ஆரம்பித்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். அந்தக் கையைப் பார்க்க முடியாமல் உள்ளே போய் அழுதேன்.

கடைக்குப் போய் அந்தப் புதுசையாவது வாங்கலாம் என்றால் சனிக்கிழமை அந்தக் கடை திறப்பதில்லை. ஆகவே சனிக்கிழமை காலை அவர் ஆபீஸுக்குப் போனதும், பச்சை மவுத்பீஸையும் சீவாளியையும் துணியில் முடிந்துகொண்டு தாராவிக்குக் கிளம்பினேன். ரயில் பாலத்தைத் தாண்டினால் எட்டிப் பிடிக்கிற தூரம்தான். ஒன்பது வருஷத்தில் ஒரு தடவைகூடப் போனதில்லை. தோல் ஷெட்டுகளின் வாடை வந்ததும் முந்தானையால் மூக்கைப் பொத்தினேன். முந்தின நாள் நான் கிளப்பியது ஞாபகம் வந்து கையை எடுத்துவிட்டேன்.

பேண்டு மாஸ்டர் வீடு எது என்றதும் பத்துப் பேர் வழி காட்டினார்கள். வாசல் கொடியில் ஜரிகை வைத்த சிவப்புக் கோட்டுகள் காய்ந்துகொண்டிருந்தன. மாஸ்டர் என்னைப் பார்த்ததும் பதறி எழுந்தார். அவருடைய மனைவி முக்காலியைத் துடைத்துப் போட்டாள். நான் முடிச்சை அவிழ்த்துக் காட்டினேன்.

மாஸ்டர் அதை எடுத்து மோந்து பார்த்தார். பிறகு, "அவிச்சிட்டீயளாம்மா?" என்றார்.

"ஆமாம்."

"சுடுதண்ணி ஆகாதுன்னு நான் சொல்லாம விட்டது தப்பு. ஆனா இதப் போய் அவிப்பாவன்னு யாரு நெனச்சா?"

"நாளைக்குக் காலம்பர பத்து மணிக்கு ஊதியாகணும் மாஸ்டர். அவர் ஒண்ணுமே சொல்லலை. திட்டியிருந்தாலாவது தேவலை" என்றேன். என் குரல் உடைந்தது எனக்கே பிடிக்கவில்லை.

அவர் அதை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "சூட்டுல வளைஞ்சத சூட்டுலதான் நிமித்தணும். தேச்சுப் பாப்போம். உடைஞ்சா என்னையக் கொற சொல்லப்படாது."

கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர் வைத்தார். தேய்ப்பதற்கு மேடு பள்ளமில்லாத கண்ணாடி வேண்டும் என்று, சுவரில் மாட்டியிருந்த திருச்செந்தூர் முருகன் படத்தை இறக்கிக் கண்ணாடியைக் கழற்றினார். "ஒரு நா சட்டையில்லாம இருக்கட்டும்" என்று படத்தைத் திரும்பவும் மாட்டினார். மவுத்பீஸை வெந்நீரில் முக்கி, கண்ணாடியில் வைத்து உள்ளங்கையால் அமுக்கி, ஆறும் வரை அசையாமல் இருந்தார். பிறகு நைசான உப்புத்தாளைக் கண்ணாடிமேல் போட்டு அதில் தேய்த்தார். பத்துத் தேய்ப்பு. தூசியை ஊதித் தள்ளினார். சீவாளியைப் பூட்டினார். அங்கேதான் வண்டி நின்றது.

"உறிஞ்சிப் பாக்கணும்லாம்மா. என்னால ஏலாது" என்று கீழுதட்டைக் காட்டினார். வியாழக்கிழமை ராத்திரியும் வெள்ளிக்கிழமை முழுக்கவும் ஊர்வலம் ஊதியதில் உதடு நடுவில் வெடித்து ரத்தம் கட்டியிருந்தது. "இந்த உதட்டுல காத்து நிக்காது."

நான் அவர் மனைவியைப் பார்த்தேன். அவள் வாயைத் திறந்து காட்டினாள். முன்பல் இரண்டும் இல்லை. "எனக்கும் காத்து ஒழுகுமேம்மா" என்றாள்.

மாஸ்டர் மவுத்பீஸைத் துணியால் துடைத்து என்னிடம் நீட்டினார். வற்புறுத்தவில்லை. வேண்டாமென்றால் வேறு யாரையாவது கூப்பிடலாம் என்பதுபோலத் தலையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். அதுதான் என்னைச் சுட்டது. வியாழக்கிழமை மாஸ்டர் வாயில் இருந்த பொருள். நான் அதைக் கொதிக்க வைத்தது ஏதோ ஒரு தேசத்துச் சிப்பாய்க்காக மட்டும் இல்லை என்பது அவருக்கும் தெரிந்திருக்கும். எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தோடு கூச்சமும் அருவருப்பும் இருந்தன, பொய் சொல்லக் கூடாது. கண்ணை மூடிக்கொண்டு வாயில் வைத்தேன்.

"சீவாளிய மொதல்ல நாக்கால நனைங்கம்மா" என்றார்.

நனைத்தேன். ஓட்டையை உள்ளங்கையால் அடைத்து உறிஞ்சினேன். ஒன்று எண்ணுவதற்குள் விட்டுவிட்டது. அவர் வாங்கித் தேய்த்தார். மறுபடி மூன்று. மறுபடி தேய்த்தார். மறுபடி இரண்டு. "இடது பக்கம் ஒசந்திருக்கு" என்று ஒரு பக்கத்தை மட்டும் நான்கு தடவை தேய்த்தார். ஆறு. இதற்குள் வாசலில் அக்கம்பக்கத்துப் பெண்கள் கூடிவிட்டார்கள். மாதுங்கா மாமி ஒருத்தி முக்காலியில் உட்கார்ந்து கன்னம் குழிய எதையோ உறிஞ்சுகிறாள் என்றால் யார்தான் வரமாட்டார்கள்? அவர்களே எண்ண ஆரம்பித்தார்கள். எட்டு. பதினொன்று. எனக்குப் பிடிவாதம் வந்துவிட்டது. எச்சில் என்ற நினைப்பு எங்கே போயிற்றென்று தெரியவில்லை. கடைசித் தடவை, "...பதினாலு, பதினஞ்சு, பதினாறு" என்று அத்தனை பேரும் ஒரே குரலில் சொல்லும்போது டப்பென்று விட்டது.

"ஏயப்பா, எனக்கே பன்னெண்டுக்கு மேல நின்னதில்ல" என்றார் மாஸ்டர்.

கிளம்பும்போது மனதில் இருந்ததைக் கேட்டுவிட்டேன். "மாஸ்டர், கடையில நீங்க ஊதினதுதான் சத்தம். அந்த நாற்காலிக்கு நீங்களே போயிருக்கலாமே?"

"அங்கன நோட்டுப் பாத்து ஊதணும்லாம்மா. நமக்குக் காதுதான் நோட்டு" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். உதடு வெடித்திருந்ததால் பாதியில் நிறுத்திக்கொண்டார். என் கணவருடைய வாசிப்பு அவருடையதில் பாதிக்குக்கூட வராது. அன்றைக்கு இதை நான் வீட்டில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

வீட்டுக்கு வந்ததும் பழக்கத்தில் தலையோடு தண்ணீர் விட்டுக்கொண்டேன். பாதிக் குளியலில் யோசனை வந்தது. மேலுக்கு ஊற்றுகிறேன், சரி. உள்ளே போனதை எதைக் கொண்டு அலம்புவது? சொம்பை வைத்துவிட்டு வந்தேன்.

ஆபீஸிலிருந்து வந்தவரிடம், "மாஸ்டர் சரி பண்ணிக் குடுத்துட்டார்" என்றேன்.

"சுத்தமா இருக்கா?"

"இருக்கு."

அதற்குமேல் அவர் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை. சாயங்காலம் முழுக்க ஊதினார். நிறம் பச்சைதான், குரல் பழுதில்லை. எதிர் வீட்டு மாமி ஹூக்காவே தேவலை என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை அவர் திரும்பி வரும்போது மணி ஒன்று. நான் குழம்பில் உப்பு போட்டேனா இல்லையா என்று தெரியாமல் மூன்று தடவை போட்டிருந்தேன். பெட்டியை மெதுவாக இறக்கி வைத்துவிட்டு, அடுக்களை வாசலில் நின்றார்.

"கிடைச்சுடுத்து" என்றார்.

எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. ஆனால் அவர் முகம் தொங்கிக் கிடந்தது.

"உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். கோவிச்சுக்கப்படாது" என்றார். "அந்தக் கோவாக்காரர் மவுத்பீஸ் நிறத்தைப் பாத்து ஆச்சரியப்பட்டு வாங்கி அவரே ஊதிப் பாத்தார். ஊதிட்டு அப்படியே ஈரத்தோட எங்கிட்ட நீட்டினார். நாப்பது பேர் பாத்துண்டிருக்கா. தொடைக்கணும்னுகூடத் தோணலை. அப்படியே வாயில வெச்சு ஊதிட்டேன்." கொலை செய்துவிட்டு வந்தவர் மாதிரி நின்றார். "நீ எவ்வளவு கஷ்டப்பட்டு சுத்தம் பண்ணினே."

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. நான் தாராவிக் கதையைச் சொன்னேன். வெடித்த உதடு, முருகன் படம், முக்காலி எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கண் கொட்டாமல் கேட்டார்.

"மாஸ்டர் வாயில வெச்சதையா?"

"ஆமாம்."

"அப்புறம் உன் வாயில. அதைத்தான் நேத்திக்கு நான் ஊதினேன்."

"ஆமாம். அலம்பலை. இனிமே வெந்நீர் பக்கம் போக எனக்குத் தைரியம் இல்லை."

குளியலறைக்குப் போவார் என்று நினைத்தேன். அவர் பெட்டியைத் திறந்து மவுத்பீஸை எடுத்தார். "எத்தனை எண்ணற வரைக்கும் நின்னுதுன்னே?"

"பதினாறு."

"பொய் சொல்றே. எனக்குப் பத்தைத் தாண்டலை."

"ஊரே சேர்ந்து எண்ணித்து."

"இப்ப பண்ணிக் காமி" என்று சீவாளியைப் பூட்டி நீட்டினார்.

நான் நாக்கால் நனைத்து, ஓட்டையை அடைத்து உறிஞ்சினேன். அவர் விரல் விட்டு எண்ணினார். பதினாலில் டப்பென்று விட்டது. "குடு இங்கே" என்று என் கையிலிருந்து பிடுங்கினார். துடைக்கவில்லை. துணியைத் தேடக்கூட இல்லை. என் ஈரம் காயாத அந்தப் பச்சை நுனியை அப்படியே வாயில் வைத்துக்கொண்டு கன்னம் குழிய உறிஞ்சினார். என்ன செய்கிறோம் என்று அவருக்குத் தெரிந்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. எண்ணிக்கையில்தான் கவனமாக இருந்தார். கல்யாணமாகி ஒன்பது வருஷம். என் கண் நிறைந்துவிட்டது. அடுப்பில் சாதம் அடிப்பிடிக்கிற வாசனை வந்தது. நான் நகரவில்லை.

டப்பென்று சத்தம் கேட்டது.

"எத்தனை?" என்றார்.

நான் எண்ணவே இல்லை.

"பதினேழு" என்றேன்.